பதரை விடாமல் விசாரித்த பொன்னுத்துரை ஐயாவுக்கு

மலையிலே நெல் விளையுமா என்று மற்றவர் சிரித்தபோது, விளையாமல் போவதற்குக் காரணம் என்ன என்று வினவிய வித்தகரே! மண்ணையும் மழையையும் மலைமஞ்சையும் மடக்கி மடக்கி விசாரித்த மதியூகியே! கணக்கப்பிள்ளையாக வந்து, கணக்கைவிடக் கதிரையே கண்கொட்டாமல் பார்த்த கண்ணியமே! தெல்தோட்டை ஆனைக்கல் தோட்டம் தந்துவிட மனமில்லாமல் தருகின்ற தனமே! தங்கள் பாதத்துக்கு எங்கள் வணக்கம்.

தங்களை நேரே பார்த்துப் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் இனி நாங்கள் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். தாங்கள் யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சபையோரே! பொன்னுத்துரை ஐயா சாவகச்சேரியிலிருந்து இங்கே வந்த நாளில் இந்த மலை முழுவதும் கோப்பி. நமக்கோ வயிற்றுக்கு அரிசி வேண்டும். அந்த அரிசி கடல் தாண்டி வந்து, கண்டியில் இறங்கி, மாட்டு வண்டியில் ஏறிப் புறப்படும். மழையில் பாதை சரிந்தால் பாதி வழியிலேயே நனைந்து நாறிப் போகும். அப்படி ஒரு மழையில், நாம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அடுப்புகள் புகையாமல் கிடந்தபோதுதான் ஐயா முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இவ்வளவு பெரிய மலை கிடக்குது. ஒரு பிடி நெல்லுக்கு இடமில்லையோ? ஏன் இல்லை எண்டு ஆராவது சொல்லுங்கோ பாப்பம்."

களையெடுக்கும் பெண்களின் தலைவி மூக்காயி வாய்விட்டுச் சிரித்தாள். "சரிவுல தண்ணி நிக்காதுங்க ஐயா. நெல்லு எப்புடி நிக்கும்?" சொன்னவளே கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா எங்க ராமநாதபுரத்துச் சீமையிலயும் தண்ணி ஏதுங்க? வானத்தப் பாத்துப் புழுதியிலதான வெதைக்கிறோம்!" அவ்வளவுதான். ஐயாவுக்கு அன்று தூக்கம் போயிற்று. அது இன்றுவரை முழுதாகத் திரும்பி வரவில்லை.

இலையில் மஞ்சள் பொடி விழுந்து கோப்பி செத்துப்போன ஒரு சரிவைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தூக்கிக் கொடுத்தார். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்பது அவர் எண்ணம். ஐயா தம் ஊர் வழக்கப்படி ஆவணியில் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்தார். முதல் பெருமழை பாதி விதையை அடிவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மீதியைப் புல் மூடியது. மூக்காயியின் கூட்டம் களை பிடுங்கிப் பிடுங்கிக் காப்பாற்றிய பயிர் இடுப்பளவு வளர்ந்து, கதிரும் தள்ளியது. ஐயா ஒரு கதிரை உருவி நெல்லைக் கடித்துப் பார்த்தார். உமிதான். இன்னொன்றைக் கடித்தார். அதுவும் உமி. சரிவு முழுவதும் நிமிர்ந்து நின்றது வெறும் பதர்.

மறு வருஷம் மூக்காயி விடவில்லை. "ஆடியில போடாததாலதான் இந்தக் கதி. நான் சொல்ற மாதிரி போடுங்க ஐயா" என்று, தன் ஊர்ச் சொந்தக்காரர் கொண்டுவந்த சிவப்பு நெல்லைக் கொடுத்தாள். மண் ஓடாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினார்கள். செத்த கோப்பிக் கட்டைகளையும் வரிசையாகக் கிடத்தினார்கள். மண் நின்றது, பயிரும் நின்றது. கதிரைத் தூற்றியபோது மட்டும் முக்கால்வாசி காற்றோடு போயிற்று. மிஞ்சிய பதரை லயத்துக்குப் பின்னால் குப்பை மேட்டில் கொட்டிவிட்டு, மூக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வியர்வை என்று அவள் சொன்னாள்.

வேறு ஒருவராக இருந்தால் இதோடு கை கழுவியிருப்பார். ஐயாவோ கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். கோப்பியைக் கொன்ற நோய் நெல்லுக்கும் தொற்றியதோ? காற்று மகரந்தத்தைக் கொண்டுபோய்விட்டதோ? மண்ணில் உப்புச் செத்துப்போனதோ? மலைச்சாமிக்குச் சேவல் கொடுக்காததுதான் காரணம் என்றார் பூசாரி. ஐயா மறுபேச்சில்லாமல் சேவல் வாங்கி வந்தார். வாங்கி வந்தவர், "பூசாரியார், பாதி வயலுக்கு மட்டும் நேந்தால் என்ன? மற்றப் பாதியோட வைச்சுப் பாத்தால்தானே சாமியின்ர வேலை தெரியும்!" என்று கேட்டுவிட்டார். பூசாரி அவரோடு பொங்கல்வரை பேசவில்லை.

விடை வந்த இடம் குப்பை மேடு. சித்திரை மழைக்குப் பிறகு அங்கே ஏதோ முளைத்துக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆடி முடியும் தறுவாயில் சாம்பல் கொட்டப் போன மூக்காயி, போட்டது போட்டபடி ஓடி வந்தாள். "ஐயா! நம்ம பதருங்க ஐயா! தலை சாஞ்சு கிடக்கு!" கொட்டிய பதருக்குள் தப்பித் தவறிக் கிடந்த நாலு நல்ல மணிகள் முளைத்து, கதிர் விட்டு, பாரம் தாங்காமல் வளைந்திருந்தன. ஐயா ஒன்றைக் கடித்தார். அரிசி. அந்தக் குப்பை மேட்டில், வெள்ளை வேட்டியோடு, அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

லயமே கொண்டாடியது. ஐயாவுக்குக் கொண்டாட நேரமில்லை. "கொண்டாடுறதுக்கு முதல் ஒரு விசயம். குப்பை உரத்தாலயோ விளைஞ்சது? லயத்துச் சுவரின்ர சூட்டாலயோ? இல்லை, சித்திரையில முளைச்சதாலயோ?" மூன்றில் எது குற்றவாளி என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிவப்பு நெல்லை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கைச் சித்திரையில், உரமும் சுவரும் இல்லாத மொட்டைச் சரிவில் போட்டார். மறு பங்கை ஆடியில், அதே கொழுத்த குப்பை மேட்டில் போட்டார். நல்ல விதையை வேண்டுமென்றே வீணாக்குகிறாரே என்று களஞ்சியத்து முத்துலிங்கம், அதாவது இதை வாசிக்கிற நான், அன்று அவரோடு மல்லுக்கு நின்றேன்.

சரிவில் மணி பிடித்தது. குப்பை மேட்டில் பதர். ஆடியில் விதைத்தால் ஐப்பசியிலும், ஆவணியில் விதைத்தால் மார்கழிக்குப் பிறகும் பயிர் பூக்கிறது. அப்போது இந்த மலையில் மஞ்சும் ஈரமும் குளிரும். பூ குளிரில் மலடாகிவிடுகிறது. அவரவர் ஊர்ப் பஞ்சாங்கம் அவரவர் ஊருக்குத்தான் என்று அன்று நமக்கெல்லாம் விளங்கியது. அது முதல் சித்திரை விதைப்பு, ஆவணி அறுப்பு. கோப்பிப் பழம் ஆயும் காலத்துக்கு முன்பே நெல் வீடு வந்து சேர்ந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் அக்கரையிலும் அரிசி இல்லை என்று ஊரே கதறியபோது, இந்த லயத்தில் கஞ்சியாவது கொதித்தது. அதை உண்டு வளர்ந்த பிள்ளைகள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு நன்றி என்ற சொல் போதாது. எங்களிடம் வேறு சொல்லும் இல்லை.

இத்தோடு ஐயா அடங்கியிருப்பார் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். "இவ்வளவு உயரத்தில விளைஞ்சால் இன்னும் கொஞ்சம் மேல ஏன் விளையாது?" என்று அடுத்ததைத் தொடங்கினார். வயலின் மேல் ஓரத்தில், குளிரிலும் மணி பிடித்த கதிரை மட்டும் விதைக்கு எடுத்து வைப்பார். மறு வருஷம் அதை இன்னும் கொஞ்சம் மேலே போடுவார். அப்படியே ஏறி ஏறி, காற்று ஆளைத் தள்ளும் உச்சித் துண்டுக்கு இந்தச் சித்திரையில் போய்ச் சேர்ந்திருக்கிறது நெல். ஐயாவின் முழங்கால்தான் வழியில் நின்றுவிட்டது. விதைத்த அன்று மேலே போனவர், பிறகு போகவில்லை.

உச்சித் துண்டில் மணி பிடித்தால் அது லயத்துக்கு, பதரானால் அங்கே காய்ச்சல் மருந்துக்குப் பட்டை தரும் சிங்கோனா மரம் என்று துரை சொல்லிவிட்டார். குளிரில் பயிர் மெதுவாக நடக்கிறது. கதிர் இப்போதுதான் பால் பிடிக்கும் பருவம். சாவகச்சேரியிலிருந்து மகன் அழைக்கிறார், கண்டிக்குப் போகும் வண்டி வாசலில் நிற்கிறது. முடிவு தெரியாமல் போகிறோமே என்று ஐயா றங்குப் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இந்த வாரத்தைக் கழித்தார். நேற்று நான் மேலே போய் ஒரு கதிரை உருவினேன். பின்னாலேயே வந்த மூக்காயி என் கையில் ஓங்கி அடித்தாள். "எடு கைய! மொதப் பல்லு ஐயா பல்லாத்தான் இருக்கணும்!"

ஆகவே, ஐயா, மறுபடி தங்களிடமே வருகிறோம். தாங்கள் நோயின்றி, நொடியின்றி, கேட்க ஒரு கேள்வி குறையாமல் பல்லாண்டு வாழ வேண்டும். பொன்னாடை எங்களிடம் இல்லை. தங்களுக்குத் தருவதற்காக அந்த விடையை யாரும் தொடாமல் காத்து வைத்திருக்கிறோம். பாலாக இருந்தால் துரையிடம் தாங்களே ஒரு சொல் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பதராக இருந்தால் வண்டிக்காரனை வெறும் வண்டியோடு அனுப்பிவிடுகிறோம்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். மாலை போட்டுத் தங்களை உட்கார வைத்திருக்கும் நாற்காலியின் துணியைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருக்கிறோம். நாலு பேர் தோளோடு நிற்கிறார்கள். கையெழுத்து வாசித்ததும் தூக்குகிறோம், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பேரன்பு மறவாத
ஆனைக்கல் தோட்டத்து லயத்தாரும் களஞ்சியத்தாரும்
தெல்தோட்டை, விஷு வருஷம் ஆவணி மாதம்