உன்சோல் ஆற்றுச் சங்கு ஒலிக்க ஆன எட்டு நிமிடம்

பெயர் மா கியோங்-சூன், பெண், வயது 34, காலஞ்சென்ற மா இன்-பே என்பவரின் மகள். முகவரி: காங்வோன் மாகாணம், உன்சோல் வட்டம், கீழச்சந்தைத் தெரு, மூன்றாம் குடியிருப்பு, கதவு எண் 204. தொழில்: உன்சோல் வட்ட அலுவலகம், வெள்ளக் கண்காணிப்புப் பிரிவில் ஒப்பந்தப் பணியாளர். 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி காலை 10.20 மணிக்கு உன்சோல் காவல் நிலையத்தில் ஆய்வாளர் ஹியோன் முன் நேரில் வந்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றிக் கூறுவதாவது:

நான் மேற்படி பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். பிரிவு அதிகாரி தோ சாங்-உக் என் மேலதிகாரி. மலையில் உள்ள நீர்மட்டக் கருவியிலிருந்து வரும் கணக்கைக் கவனிப்பதும், அதற்கான மோடங்களைப் பழுது பார்ப்பதும் என் பொறுப்பு.

ஆய்வாளர் கேட்டுக்கொண்டதால் மோடம் பற்றிச் சொல்கிறேன். மலைக் கருவிக்கு எண் மட்டுமே தெரியும். தொலைபேசிக் கம்பியில் ஒலி மட்டுமே போகும். எண்ணை ஒலியாக்கி அனுப்புவது ஒரு முனையில் உள்ள மோடத்தின் வேலை, அந்த ஒலியைத் திரும்ப எண்ணாக்குவது மறுமுனையில் உள்ள மோடத்தின் வேலை. மலையிலிருந்து எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது ரேடியோ மோடம், கம்பியில்லாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே எண்ணை அனுப்பும். அது நின்றுபோனால் தொலைபேசி மோடம், அதற்கு நாம் எண் சுழற்றி அழைக்க வேண்டும். இவை தவிர, அலுவலகத்துக்கும், விடுமுறைக்கு வருபவர்கள் கூடாரம் போடும் ஆற்றோர முகாம் திடலில் உள்ள அபாயச் சங்குக்கும் இடையே எப்போதும் இணைந்தே இருக்கும் தனிக்கம்பி மோடம் உண்டு. அதை இயக்கும் சாவி பிரிவு அதிகாரியிடம் மட்டுமே இருக்கும். அவர் அறையில் கேபிள் டிவி கம்பியில் ஓடும் மோடமும் இருந்தது. மிக வேகமானது, ஆனால் மலைக்குக் கேபிள் போகவில்லை.

ஆகஸ்ட் 7ஆம் தேதி சனிக்கிழமை பகல் 12.40க்குப் பிறகு ரேடியோ மோடத்திலிருந்து எதுவும் வரவில்லை. ஊரில் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கருத்திருந்தது. எங்கள் கணினி, புது எண் வராவிட்டால் கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். 1.15 மீட்டர் என்று பச்சை நிறத்தில் இருந்தது. அதிகாரி தோ அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர், "பச்சை எரியுதுல்ல? அதை ஏம்மா முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிற? வா, நூடுல்ஸ் ஊறிச் சொதசொதன்னு ஆகுது" என்றார். நான், "சார், அது பழைய நம்பர்" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார்.

அதன் பின்னர் நான் 12.58க்கு மலையிலுள்ள தொலைபேசி மோடத்தை அழைத்தேன். எங்கள் பக்கம் இருந்தது அந்த வசந்தத்தில் வாங்கிய புது மோடம். இரண்டு மோடங்களும் முதலில் ஒன்றை ஒன்று கூவி அழைத்து, எந்த வேகத்தில் பேசுவது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று முறை அழைத்தேன், மூன்று முறையும் பாதியில் அறுந்தது. அதன் பின்னர் அதே கம்பியில் இருந்த தொலைபேசியை எடுத்து, மலைக்கு எண் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டேன். மலை மோடத்தின் நீண்ட விசில் கேட்டது. அதன் மேல் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சத்தம். கருவி உயிரோடு இருக்கிறது, கம்பியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ரிசீவரைக் கீழே வைத்தேன்.

வேகமாகப் பேசும்போது மோடம் மிக நுட்பமான ஒலி வேறுபாடுகளை நம்பியிருக்கிறது. இரைச்சலில் அவை கலைந்துவிடும். நொடிக்கு முந்நூறு பிட் என்ற மிகப் பழைய, மெதுவான வேகத்தில் இரண்டே சுருதிகள்தான். பூஜ்யத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. ஆகவே முந்நூறில் மட்டும் பேசும்படி எங்கள் மோடத்துக்குக் கட்டளை தட்டிவிட்டு மறுபடி அழைத்தேன். 1.09க்கு இணைந்தது. எண்கள் வரிவரியாகத் திரையில் வந்தன. 12.30க்கு 1.12 மீட்டர். 12.40க்கு 1.15. 12.50க்கு 2.08. 1.00க்கு 3.94. அத்துடன் இணைப்பு அறுந்தது.

உடனே அதிகாரி தோவிடம் சங்கு ஊதச் சொன்னேன். அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "ஓட்டைக் கம்பியில வந்த நம்பரை நம்பி நானூறு பேரை ஓட விடச் சொல்றியா? ஜூலைல சும்மா ஊதி, ஒரு அம்மா கால் ஒடிஞ்சு, நான் யார் யார்கிட்ட கும்பிடு போட்டேன்னு மறந்துட்டியா?" என்றார். இரைச்சலில் வரும் எண் தாறுமாறாக இருக்கும், இப்படி வரிசையாக ஏறாது என்று சொன்னேன். அவர், "வட்டாட்சியரைக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அப்போது மணி 1.12.

அதன் பின்னர் நான் மலையை இன்னொரு முறை அழைத்தேன். 1.15க்கு இணைந்தது. 1.10க்கு 4.61 என்று வந்தது. அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே, போ என்று கையைக் காட்டினார். யாருக்கோ காத்திருந்தார்.

முகாம் திடலில் யோம் ஓக்-புன் என்பவர் உணவுக் கடை நடத்துகிறார். சங்கைக் கையால் அமுக்கும் பொத்தான் அவர் கடைச் சுவரில் உள்ளது. பிரிவு அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அவர் அதைத் தொடக்கூடாது. 1.16க்கு அவருக்குத் தொலைபேசி செய்தேன்.

"அக்கா, சங்கை அமுக்கு. தண்ணி வருது."

"என்னடி சொல்ற? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது. பிள்ளைங்க ஆத்துல தர்பூசணியை மிதக்க விட்டுக்கிட்டு ஆடுதுங்க."

"ஆபீசர் உத்தரவு, அக்கா."

"தோவா? நிஜமாவா சொன்னாரு?"

"அவரேதான். கேள்வி கேக்காத, அமுக்கு!"

1.17க்குச் சங்கு ஒலித்தது. அதிகாரி தோ எனக்கு எந்த உத்தரவும் தரவில்லை. நான் யோம் அக்காவிடம் பொய் சொன்னேன்.

முகாமிலிருந்து ஆற்றுக்குள் போயிருந்தவர்கள் நடு ஆற்று மணல் திட்டிலிருந்து நடைகற்கள் வழியே கரைக்கு வந்தார்கள். வெள்ளம் 1.31க்கு வந்தது என்று பிற்பாடு அறிந்தேன். வோன்ஜு ஊரைச் சேர்ந்த, தளக்கல் பதிக்கும் கு தே-சிக், வயது 46, பக்கவாதம் வந்த தன் தந்தையை முதுகில் சுமந்து கடைசியாக வந்திருக்கிறார். கரைக்கு இன்னும் நான்கு நடைகற்கள் இருக்கும்போது தண்ணீர் அடித்தது. கரையில் இருந்தவர்கள் தந்தையின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். மகனைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது.

ஆகஸ்ட் 12ஆம் தேதி அதிகாரி தோ என்னைக் கோழிக் கஞ்சிக் கடைக்கு அழைத்துப் போனார். சங்கு ஊத அவர்தான் உத்தரவிட்டார் என்று மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். "நீ புதுசா ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்மா. யோமம்மா கிட்ட சொன்னதையே போலீஸ்லயும் சொல்லு. உன்மேல கேஸும் வராது, வேலையும் நிரந்தரமாகும்" என்றார். தன் கிண்ணத்திலிருந்த கோழித் தொடையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் யோசித்தேன். சம்மதித்துவிடலாம் என்றே நினைத்திருந்தேன்.

16ஆம் தேதி பிற்பகல், இறந்தவரின் மனைவி நாம் மி-ரான் என்பவர் அலுவலகத்துக்கு வந்தார். தலைமுடியில் துக்கத்துக்கான வெள்ளை ரிப்பன் குத்தியிருந்தார். சங்கு ஊத வைத்தது நான் என்று யோம் அக்கா சொல்லி அறிந்திருக்கிறார். எனக்கு நன்றி சொல்லவே வந்ததாகச் சொன்னார். மாமனார் உயிரோடு இருப்பது என்னால்தான் என்றார். அதன் பின்னர் வாசல் வரை போய்த் திரும்பி, "உங்களுக்குத் தெரிஞ்ச உடனே ஊதிட்டீங்கதானே?" என்று கேட்டார். அதிகாரி தோ என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் நான் அழுவதாக நினைத்து என் கையைத் தடவிவிட்டுப் போனார்.

அவருக்கான பதிலை இங்கே பதிவு செய்கிறேன். தெரிந்த உடனே ஊதவில்லை. எனக்கு 1.09க்குத் தெரியும். சங்கு 1.17க்கு ஒலித்தது. இடையில் எட்டு நிமிடம். மோடம் இணைந்த நேரங்கள் கணினியில் அழியாமல் உள்ளன, பார்த்துக்கொள்ளலாம். அந்த எட்டு நிமிடமும் அதிகாரி தோவுடையது மட்டும் அல்ல. 1.12 முதல் 1.15 வரையிலான மூன்று நிமிடம் என்னுடையது. முதல் எண்ணே உண்மை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இரண்டாவது முறை அழைத்தது நீர்மட்டம் அறிய அல்ல. வேலை போய்விடும் என்று பயந்து, கையை வேறெதிலாவது வைத்திருக்கவே அழைத்தேன்.

பொய் உத்தரவு சொன்ன குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை நாம் மி-ரான் அவர்களுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதப்பட்டதை ஆய்வாளர் வாசிக்கக் கேட்டேன். 'மூன்று நிமிடம் என்னுடையது' என்ற வரி வழக்குக்குத் தேவையில்லை, வேண்டுமானால் அடித்துவிடலாம் என்று அவர் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த வரி உட்பட அனைத்தும் நான் சொன்னவை, சொன்னவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம், வலது பெருவிரல் ரேகை)
மா கியோங்-சூன்