நூற்றுக்கு நூறு கணினிமயம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் பல்கலைக்கழகத்தின் மலைக்கிளை நூலகம் நூற்றுக்கு நூறு கணினிமயமாகிவிட்டது. தொண்ணூற்றொன்பது அல்ல, நூறு. பிரிஞ்சாங் கடைத்தெருவிலிருந்தே பதாகை கட்டியிருந்தார்கள். அந்தக் கடைசி ஒன்றைச் சேர்த்தவன் நான்தான், நூலக உதவியாளன் குணாளன். விசாரிக்க இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள், ஐயா. ஒளிக்க என்ன இருக்கிறது?

இங்கே ஈரம் அதிகம். காலணிக்குள்கூடக் காளான் முளைக்கும். கணினி வந்ததும் அதற்குச் சளி பிடிக்கக்கூடாதென்று ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினார்கள். அதுவரை பூஞ்சை பிடித்துக் கிடந்த புத்தகங்களும் அந்தப் புண்ணியத்தில் அப்பளமாகக் காய்ந்தன.

சிக்கல் தமிழ் அலமாரியில்தான். புதிய மென்பொருளில் எந்தத் தமிழ்த் தலைப்பை ஏற்றினாலும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இயக்குநர் டாக்டர் யோகேந்திரனிடம் போய்ச் சொன்னேன்.

"துணைவேந்தர் தொறந்து வைக்க வர்றாரு. அலமாரியில இருக்கறது அத்தனையும் கம்ப்யூட்டர்ல இருக்கணும் லா, குணா. எப்படியாச்சும் பாத்து செஞ்சிருங்க."

பார்த்தேன். கணினியை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. அலமாரியை மாற்ற இருந்தது.

பூவிழி என்றொரு மாணவி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், தோட்டத்துப் பாட்டுகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். அந்த அலமாரியில் ஒரு பாட்டுத் தொகுப்பு இருந்தது. வேறெங்கும் பிரதி கிடையாது.

"அது இல்லாம என் ஆய்வே இல்ல சார். அத மட்டும் எடுத்து வைங்க சார்" என்றாள்.

எடுத்துத்தான் வைத்தேன். லோரியில், எல்லாவற்றுக்கும் மேலே.

தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு போடும் டெரன்ஸ் என் கூட்டாளி.

"என்னண்ணே, லோரி நெறைய?"

"பழைய பேப்பர் லா."

"நல்லா காஞ்சிருக்கே. எங்க வெறகுகூட இப்படிக் காயறதில்ல. இன்னும் இருந்தா கொண்டாங்க."

அந்த நெருப்பில் காய்ந்த தேயிலையைத்தான் திறப்புவிழாவில் பரிமாறினோம். துணைவேந்தர் உறிஞ்சிக் குடித்துவிட்டு, இதில் மண்ணின் மணம் வீசுகிறது என்று மேடையிலேயே கண்கலங்கினார். எல்லாரும் கைதட்டினோம்.

மறுநாள் பூவிழி வந்தாள். கணினியில் தேடச் சொன்னேன். இல்லை என்றது. எவ்வளவு நேர்மையான இயந்திரம் பாருங்கள். அழுதாள். பாவமாக இருந்தது, விழாவில் மீந்திருந்த தேயிலையில் ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தேன்.

யாருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை, ஐயா. கணினியில் இல்லாத புத்தகங்களை எரித்தேன். இல்லாததை எரிப்பது எப்படிக் குற்றமாகும்?

போன வாரம் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். இப்போது தமிழ் நன்றாகத் தெரிகிறது.