கை மேல கை

இல்லைங்க, அப்படி மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்காதீங்க. வலிக்கும். அப்புறம் அந்த அட்டையைப் பார்த்தாலே அழ ஆரம்பிச்சுடுவான். நீங்க அவனுக்குப் பின்னாடி வந்து உக்காருங்க. அவன் முதுகு உங்க நெஞ்சுல சாயட்டும். ஆங், அப்படித்தான். இப்ப உங்க கையை அவன் கை மேல சும்மா போர்வை மாதிரி போடுங்க. அழுத்த வேணாம். ரெண்டு கையும் சேர்ந்து அந்தச் சொரசொரப்பு மேல போகட்டும். மேலேருந்து கீழ, கீழேருந்து இந்தப் பக்கம். ட. பார்த்தீங்களா, அழவே இல்லை தங்கம்.

முதல் நாளா? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே. நானும் முதல் நாள் இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். உப்புத்தாள்ல எழுத்தை வெட்டி அட்டையில ஒட்டிக் கையில குடுத்தாங்க. எழுத்துச் சொல்லிக் குடுக்கற இடமா, மரம் இழைக்கிற பட்டறையான்னு முழிச்சேன். பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க, நான் இப்ப உங்களுக்குச் சொல்ற மாதிரி அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. இந்தப் பயிற்சி சென்டர்ல டீச்சருங்ககிட்ட கத்துக்கறது பாதி, இந்தப் பெஞ்சுல கத்துக்கறது பாதி.

நானா? எங்களுக்கு இன்னைக்கு டெஸ்ட்டுங்க. அதோ அந்த நீலக் கதவு, அதுக்குப் பின்னாடிதான் நடக்குது. பெத்தவங்க உள்ள வரக் கூடாதாம். அவங்க என்ன எழுதித் தர்றாங்களோ அதை வெச்சுத்தான் பள்ளிக்கூடத்துல எந்த வகுப்புல உக்கார வெக்கறதுன்னு முடிவு பண்ணப் போறாங்க. அதான் உங்ககிட்ட இப்படி வாய் ஓயாமப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா உக்காந்தேன்னா அழுதுடுவேன்.

வீட்டுல என்னென்ன செய்யலாம்னு கேட்டீங்கல்ல, சொல்றேன். எங்க சின்னவனுக்கு நாலு வயசு. பொறந்ததுலேருந்தே உடம்பு தொளதொளன்னு இருக்கும். கையில பிடிமானமே கிடையாது. பென்சிலைக் குடுத்தா அது பாட்டுக்கு வழுக்கிக்கிட்டுப் போய்க் கட்டில் அடியில படுத்துக்கும். பென்சிலை மறந்துடுங்கம்மா, முதல்ல எழுத்தைத் தொடட்டும், மிதிக்கட்டும், பிசையட்டும், பிடிக்கிறது தானா வரும்னாங்க டீச்சர். அன்னையிலேருந்து எங்க வீடு வீடா இல்லை. தரையில சாக்பீஸால பெரிசா ம போட்டு அது மேல அவனை நடக்க வெப்பேன். விழுவான், எழுந்திருப்பான், நானும் கூடவே குனிஞ்சு குனிஞ்சு நடந்து இடுப்பு போச்சு. மாவைப் பிசைஞ்சு பாம்பு மாதிரி உருட்டி எழுத்து செய்வோம். ஷேவிங் நுரையை மேசையில பீய்ச்சி விரலால கோடு இழுக்க வெப்பேன். ஒருநாள் எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் மழிச்சுட்டு, மறு பக்கம் தாடியோட வந்து நிக்கறார், டப்பா எங்கடின்னு. டப்பா காலி. மேசை பூரா ப. மனுஷன் அந்த ப-வையே வழிச்சு மூஞ்சியில தடவிக்கிட்டுப் போனார்.

சிரிங்க சிரிங்க. சிரிக்கிறதுக்கும் கத்துக்கணும் இங்க வந்தா.

எல்லாத்துலயும் நல்லது உப்புத் தட்டுதான். ஓரம் உசந்த தட்டா பார்த்து வாங்கி, அடியில கறுப்புத் தாளை ஒட்டிட்டு, உப்பைப் பரப்பிடுங்க. விரல் போற வழியில கறுப்பா எழுத்து தெரியும். மணல் வேணாம், வாயில போட்டுக்குவான். மாவும் வேணாம், ரெண்டு தும்மல் போட்டா எழுத்தே பறந்துடும். உப்புன்னா ஒருதரம் வாயில வெப்பான், மறுதரம் வெக்க மாட்டான். ஆனா சிந்தும். வீடெல்லாம் நறநறன்னு கால்ல ஒட்டும்.

கூட்டறதா? அதுக்குத்தான் பெரியவ இருக்காளே. ஆமாங்க, மூத்தது பொண்ணு. ஏழு வயசு, ரெண்டாவது படிக்கிறா. நான் சொல்லவே வேணாம், தட்டை எடுத்து வெக்கிற சத்தம் கேட்டா துடைப்பத்தோட வந்து நிப்பா. தண்ணி எடுத்துட்டு வா, துணி எடுத்துட்டு வா, தம்பி மூக்கைத் துடைன்னா எதுக்கும் ஏன்னு கேக்க மாட்டா. வர்றவங்க எல்லாம், உனக்குக் கடவுள் ஒரு கையால எடுத்துட்டு மறு கையால குடுத்திருக்கார்னு சொல்லுவாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருக்கும். அவளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததுகூட யாரும் இல்லைங்க. சின்னவனைத் தூக்கிக்கிட்டு நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சப்ப, பஸ் ஜன்னல்ல மூஞ்சியை வெச்சுக்கிட்டு கடை போர்டைப் பார்த்துப் பார்த்து அவளாவே படிச்சுட்டா. இது என்ன எழுத்தும்மான்னு கேப்பா, நான் சொன்னேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்லை. தானா வளந்துடுச்சுன்னு சொல்லுவாங்களே, அப்படி வளந்த பொண்ணு. அழுத பிள்ளைக்குத்தானே பாலு. அவ அழவே இல்லை.

சின்னவன் முதல் எழுத்து எழுதினதைக் கேளுங்க. எத்தனை மாசம் அவன் கை மேல கை வெச்சு இழுத்திருப்பேன், அவன் கை கையா இருக்காது, துணி மூட்டை மாதிரி கூட வரும். அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, பாதி இழுக்கையில என் உள்ளங்கைக்கு அடியிலேருந்து ஒரு உந்தல். பூனைக்குட்டி தலையால முட்டுமே, அப்படி. நான் பிடியைத் தளர்த்தினேன். அவன் கை தானா கீழ போய், நின்னு, அந்தப் பக்கம் திரும்புச்சு. ட! போட்டேன் பாருங்க ஒரு கூச்சல், பக்கத்து வீட்டுக்காரங்க தீப்பிடிச்சுக்கிச்சோன்னு ஓடி வந்துட்டாங்க. உங்களுக்கும் அது வரும், நான் சொல்றேன் எழுதி வெச்சுக்கோங்க. கை மேல கை வெச்சுப் பழகிட்டா, எழுதறது நாமளா குழந்தையான்னு உள்ளங்கைக்குத் தெரிஞ்சுடும். கண்ணை ஏமாத்தலாம், அதை ஏமாத்த முடியாது.

போனை எடுக்க ஓடினேன். இன்னொரு தரம் எழுதுடான்னு படம் பிடிச்சேன். ஊரு உறவுக்கெல்லாம் அனுப்பினேன். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. போன வாரம்தாங்க அதோட ஓரத்தைப் பார்த்தேன். கீழ சிந்தின உப்புல, பெரியவ, துடைப்பத்தைப் பக்கத்துல வெச்சுட்டு, குந்தி உக்காந்து விரலால எழுதி வெச்சிருக்கா, தம்பி ட எழுதிட்டான்னு. ஒரு தப்பு இல்லை, மணி மணியா இருக்கு. அதுல பாதியைக் காணோம். பாதி மேல என் கால் நிக்குது.

இல்லை இல்லை, ஒண்ணுமில்லைங்க. தண்ணி இருக்கு என்கிட்ட.

அந்தப் படம் பிடிச்சதுக்கப்புறம் ஒருநாள் அவ தட்டுக்கிட்ட வந்து உக்காந்தா. அம்மா, எனக்கும் கையைப் பிடிச்சு எழுதிக் காட்டும்மான்னா. சின்னவன் அப்பத்தான் கொஞ்சம் நிலையா உக்காந்திருந்தான், எனக்கு அந்த நேரம் போயிடக் கூடாதேன்னு பதட்டம். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, போய் விளையாடுன்னேன். அதட்டக்கூட இல்லை, கொஞ்சலாத்தான் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே. எவ்ளோ சாதாரணமான பேச்சு, இல்லையா?

என்ன கேட்டீங்க? யாரு, சின்னவனா? அவன் இங்க இல்லைங்க. நாத்தனார் வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். உள்ள இருக்கறது பெரியவ.

ஆமாங்க, அவதான். அதே பொண்ணுதான்.

அவ வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. என்னம்மா, ஆரம்பத்துல நல்லா இருந்த பொண்ணு, இப்ப எழுத்தெல்லாம் தலைகீழாப் போடுது, படின்னா மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்குது, தம்பிக்கு இருக்கறது இவளுக்கும் இருக்கோ என்னமோ, காமிச்சு ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க, இல்லைன்னா கீழ் வகுப்புல போட வேண்டி வரும்னாங்க. வீட்டுக்கு வந்த நான் அதே வேகத்துல அவ கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டேன். நீயும் அவனை மாதிரி ஆயிட்டியாடீன்னு கத்தினேன். சின்னவனை வெச்சுக்கிட்டே கத்தினேன். வேற யாராவது என் பிள்ளையைப் பத்தி அப்படிச் சொல்லியிருந்தா நாக்கை இழுத்து வெச்சு அறுத்திருப்பேன். அவ அழலைங்க. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஆமாம்மான்னா. ஆமாம்மா, எனக்கும் வரலைம்மான்னா.

பாவி நான் அப்பவும் நம்பினேன். ரெண்டு பிள்ளையும் இப்படியா, எந்த ஜென்மத்துப் பாவமோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். மறுநாள் தட்டை எடுத்து வெச்சு, அவளை மடியில இழுத்து உக்கார வெச்சு, கை மேல கை வெச்சேன். கனமா இருந்தா. எப்ப இவ்ளோ பெரிசானான்னு தோணுச்சு. விரலைப் பார்த்தா, நகமெல்லாம் ரத்தம் கட்டற அளவுக்குக் கடிச்சு வெச்சிருக்கா. எப்பலேருந்து கடிக்கிறா, சொல்லுங்க? பெத்தவளுக்குத் தெரியலை.

ட போடுன்னேன். கை போச்சு. நான் இழுக்கலை, அது போச்சுங்க, வண்டிமாடு வீட்டுக்குப் போற மாதிரி, வழி தெரிஞ்ச கை. பாதி வழியில அவளுக்கே உறைச்சிருக்கு. சட்டுனு தொளதொளன்னு ஆக்கிட்டா. தம்பி கை எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே. பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கா. அப்புறம் தலையை என் தோள் மேல சாய்ச்சுட்டு, நீயே இழும்மான்னா.

இழுத்தேன்.

ஏன் அப்பவே கேக்கலைன்னுதானே பார்க்கறீங்க? கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாளேங்க. எனக்கு அந்தத் தலை வேண்டியிருந்துச்சு. என்னமோ அவளுக்காகத்தான் விட்டேன்னு சொல்ல மாட்டேன், எனக்கும் வேண்டியிருந்துச்சு. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு கதையில கேட்டிருப்போம். சுண்ணாம்பு வெச்ச கை இதுதாங்க, பாருங்க. தினம் தட்டை எடுத்து வெக்கறேன், அவ தெரியாத மாதிரி உக்காருவா, நான் தெரியாத மாதிரி இழுப்பேன். ரெண்டு பேரும் அப்படி ஒரு நாடகம். எங்க வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லலை.

டெஸ்ட்டுக்குத் தேதி குடுத்தப்பவும் ரத்து பண்ணலை. எப்படியும் வெளியாளுங்க முன்னாடி ஒழுங்கா எழுதிடுவா, நல்லாத்தான் இருக்கான்னு எழுதிக் குடுத்துடுவாங்க, நான் எதையும் சொல்ல வேண்டியதே இல்லைன்னு நினைச்சேன். கோழை. அவளைக் காட்டிக் குடுக்காத மாதிரியும் ஆச்சு, நான் மாட்டாத மாதிரியும் ஆச்சுன்னு கணக்குப் போட்டேன்.

இவ்ளோ நேரம் ஆகக் கூடாதுங்க. சரியா பதில் சொல்ற பிள்ளைன்னா பத்து நிமிஷத்துல அனுப்பிடுவாங்க, எனக்குத் தெரியும். தப்பா சொல்லச் சொல்லத்தான் இன்னும் சின்னக் கேள்வி, அதை விடச் சின்னதுன்னு எடுத்து வெச்சுக்கிட்டே போவாங்க. சின்னவனுக்கு அப்படித்தான் நேரம் ஆச்சு.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா? நான் போய் அந்தக் கதவைத் தட்டிட்டு வந்துடறேன். திட்டட்டும், பரவாயில்லை. சும்மா விட முடியாதுங்க. காலையில கிளம்பறப்ப அவளுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தேன். சின்னவன் ஒத்தைச் செருப்பைக் கழட்டி எங்கேயோ எறிஞ்சுட்டான், பின்னிக்கிட்டே கண்ணால அதைத் தேடிக்கிட்டிருக்கேன். அப்ப கேட்டா, அம்மா, நான் எல்லாத்தையும் தப்பாச் சொல்லிட்டா, தினமும் என்னையும் அங்க கூட்டிட்டுப் போவியான்னு. பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தாங்க அவ கேட்டதே என் காதுல விழுந்துச்சு. கேட்டப்ப, செருப்பைத் தேடிக்கிட்டே, ம்ம்னு சொல்லிட்டேன்.