கண் திறக்காத காளி

— நினைவுக் கூட்டத்துக்கு வரமாட்டேன்னு சொல்லலை, தம்பி. அந்தச் சுவத்துக்கு முன்னால நாற்காலி போட்டு என்னை உக்கார வைக்காண்டாம்னுதான் சொல்லுகேன்.

— பூதலிங்கம் அண்ணாச்சிக்கு வேற எங்க கூட்டம் போட முடியும், மைனி? அவரு படிச்ச ஆர்ட் ஸ்கூல் அல்லே. ரிட்டயர் ஆன பிறகும் சம்பளமில்லாமெ வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாரு. கல்லு கொத்துவாரு, நாடகத்துக்குத் திரை எழுதுவாரு, மிருதங்கத்துக்குத் தோலும் கட்டுவாரு. அப்படி ஒரு ஆளு இனி வராது, கேட்டோ.

— சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க மட்டும் நேரம் கெடைக்கலை.

— அது சரிதான்.

— சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.

— அந்தக் காளி மட்டும்தான் பாக்கி, மைனி. ஹால் சுவத்துல ரெண்டாள் உசரத்துக்கு எழுதி, கண்ணில்லாமெ நிக்கா. பிள்ளைகள் அந்த ஹாலுக்குள்ள தனியா போறதில்ல.

— பூட்டிப் போடுங்க.

— கண்ணு திறக்காமெ விடப்பிடாதுல்லா. எழுதின கை போனா அவரு ரத்தம் எழுதணும். முறை அதல்லே.

— என்ன முறை? ஆரம்பிச்சது பிள்ளைகுட்டி இல்லாத அவிய வாத்தியாரு. கண்ணெழுத நாள் குறிச்சாரு, அன்னைக்கே நெஞ்சுவலி. பின்னே இவிய. சிவப்புச் சாயத்துக்குக் கல்லாத்துல போயி செங்காவிக் கல்லு பொறுக்கி, அரைச்சு, குளிச்சு உடுத்திட்டுப் போனாவ. சாரத்துலேருந்து விழுந்த உடம்பைத்தான் கொண்டுவந்தீங்க. அடுத்து என் மக ஜானவியா?

— நான் அவ பேரைச் சொல்லலையே.

— சொல்லாண்டாம். அப்பாவோட கிறுக்கு அப்படியே அவளுக்கும் இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்படி மிதிக்கமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கா. எனக்கு மிஞ்சினது அவ ஒருத்திதான், தம்பி. அவளை நான் யாருக்கும் குடுக்கமாட்டேன், எந்தச் சாமிக்கும்.

— மைனி...

— என்னத்துக்கு போனையே பாத்துட்டிருக்கீங்க? காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்குலேருந்து ஆபீஸ் பஸ் வர்ற நேரம். உங்களைப் பாத்தா அவ மனசு மாறிரும்.

— அவ இன்னைக்கு ஆபீசுக்குப் போகலை.

— பொய். டப்பாவுல சோறு கட்டிக் குடுத்தனே.

— காலையில அங்கதான் வந்தா. அண்ணாச்சி அரைச்சு வச்ச சிவப்பை எடுத்துட்டு சாரத்துல ஏறினா. எவ்வளவோ தடுத்தேன், மைனி, கேக்கல்லே. வேலை முடியறவரைக்கும் அம்மையை வீட்டுல பிடிச்சு நிறுத்துங்கன்னு அவதான் என்னை இங்க அனுப்பினா. ஒரு கண்ணு முடிஞ்சுதுன்னு நான் இங்க வர்ற வழியில விளிச்சா. அதுக்கப்பறம் போன் எடுக்கல்லே.