எட்டாவது ஸ்டட்டைக் கோணலாகப் போட்டது நான்தான்

பெயர் பாஞ்சுகோபால் மண்டல். தகப்பனார் காலஞ்சென்ற ஹரிபத மண்டல். வயது 54. தொழில் மோட்டார் மிஸ்திரி. இருப்பிடம் கொல்கத்தா, பேலேகாட்டா கால்வாய்க்கரையில் என் பட்டறைக்கு மேலே உள்ள அறை. 18.09.2012 செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, காவல் நிலைய வளாகத்தில் உதவி ஆய்வாளர் சுதேஷ்ணா கராய் அவர்கள் கேட்க நான் சொல்வதாவது. என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்ட ஆள் இருந்திருந்தால் இதை நாலு வருஷம் முன்பே சொல்லியிருப்பேன்.

வளாகத்தில் நிற்கும் மஞ்சள் அம்பாசடர் டாக்சியை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் உரிமையாளர் பூர்ணிமா ஜானா, வயது 47. கணவர் ஹரேன் ஜானாவுக்குக் கால் விளங்காமல் போன பிறகு வண்டியை அவரே ஓட்டினார். நான் அவரை பௌதி என்று அழைப்பேன், அண்ணி முறை; அவர் என்னைப் பாஞ்சுதா என்பார், அண்ணன் முறை. கடந்த பிப்ரவரியில், பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பிஸ்வம்பர் சாஹா என்பவர், தன் கிடங்கிலிருந்து களவு போன இன்ஜின் இந்த டாக்சியில்தான் இருக்கிறது என்று புகார் கொடுத்தார். இன்ஜின் எண் பொறித்த தகடு துருவேறி எப்போதோ உதிர்ந்துவிட்டபடியால் பௌதியால் எதையும் காட்ட முடியவில்லை. வண்டி ஏழு மாதமாக இங்கே மழையில் நிற்கிறது. பௌதி மூன்று வீடுகளில் சமையல் வேலைக்குப் போகிறார். வரும் 20-ந் தேதி, இன்ஜின் யாருடையது என்று நீதிமன்றம் முடிவு சொல்லும்.

இந்தச் செய்தி எனக்கு 14-ந் தேதிதான் தெரிய வந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை நானாகவே நிலையத்துக்கு வந்து, அந்த இன்ஜினுக்கு ஓர் அடையாளம் உண்டு, அது உள்ளே இருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியும் என்று உதவி ஆய்வாளர் மேடத்திடம் சொன்னேன்.

மேடம் கேட்டதால் விளக்குகிறேன். இன்ஜினின் அடிப்பாகத்தில் பதினொரு இரும்புக் கம்பிகள் மரையில் ஊன்றி நிற்கும். அவற்றுக்கு ஸ்டட் என்று பெயர். அவற்றின் மேல் ஹெட் என்கிற மூடியை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் நட்டுப் போட்டு இறுக்குவோம். 2008-ல் துர்கா பூஜைக்கு ஐந்து நாள் முன்பு பௌதி வண்டியைக் கொண்டு வந்து விட்டார். பூஜைக்கு முன் தயாராக வேண்டும் என்றார், நானும் தலையை ஆட்டிவிட்டேன். டிரைவர் பக்கம் பின்மூலையில் இருக்கும் எட்டாவது நட்டு துருப்பிடித்து நகரவில்லை. எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டிருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஸ்பேனரில் குழாயை மாட்டி இழுத்தேன். நட்டு வரவில்லை, ஸ்டட் அடியோடு ஒடிந்தது.

அதன் பிறகு ஒடிந்த துண்டை டிரில் போட்டு எடுத்தேன். முதலில் அதன் தலையை அரத்தால் மட்டமாக்கி நடுப்புள்ளி குத்தியிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. டிரில் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய் ஓட்டை கோணலாகிவிட்டது. அதையே பெரிதாக்கி மரை வெட்டி, அடி பருத்தும் மேல் சிறுத்தும் ஒரு ஸ்டட்டை லேத்தில் கடைந்து போட்டேன். அது ஹெட்டின் ஓட்டைக்கு நேராக வராததால் ஹெட்டையும் ஒரு பக்கம் அராவினேன். பௌதியிடம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் அந்த மூலை சரியாக உட்காரவில்லை, தண்ணீர் கசிந்தது. தண்ணீர் குறைகிறதே என்று பௌதி வந்து கேட்டபோதெல்லாம் ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது என்று சொல்லிக் கைகழுவினேன். அதற்குப் பிறகு அந்த டாக்சி எங்கள் தெருவில் வந்தாலே நான் பட்டறைக்குள் போய்விடுவேன்.

இதையெல்லாம் மேடம் 15-ந் தேதியே எழுதி என் கையெழுத்து வாங்கி உறையில் போட்டு ஒட்டினார். பௌதிக்கு இது தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இன்ஜினைப் பிரிக்கும் அன்று எல்லார் முன்னாலும் வாசிப்பேன், வேண்டாமென்றால் இப்போதே கிழித்துவிடலாம் என்றார். கிழிக்க வேண்டாம் என்றேன்.

இன்ஜினைச் சேதமில்லாமல் பிரித்துப் பார்க்க நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மேடம் 17-ந் தேதி திங்கட்கிழமை என்று நாள் குறித்தார். அன்று விஸ்வகர்மா பூஜை, கருவிகளைப் பூஜையில் வைக்கும் நாள், ஆயுதத்தைத் தொட மாட்டேன் என்றேன். 17-லிருந்து நீதிமன்றத்துக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்று மேடம் சத்தம் போட்டார். சாஹாவும் அங்கே இருந்தார். அவர், “விடுங்க மேடம், அன்னிக்கு விஸ்வகர்மாவே இறங்கி வந்து கழட்டிக் குடுத்துடுவாரு” என்றார். ஆனால் பூஜையன்று அவரும் கடை திறக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் 18-ந் தேதி என்று முடிவானது. 16-ந் தேதி மாலை வந்து, மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து பதினொரு நட்டிலும் விட்டுத் துணி சுற்றி வைத்தேன். மற்ற வண்டிகளின் டாங்கில் டீசல் இருப்பதால் நெருப்பு வைத்துச் சூடேற்ற அனுமதியில்லை. பூஜையன்று வெறுங்கையோடு வந்து டாக்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாளின் வழக்கப்படி ஊரே மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் அதுபாட்டுக்கு இறங்கியது.

இன்று காலை ஒன்பது மணிக்கு மேடம், சாஹா, பௌதி ஆகியோர் முன்னிலையில் வேலையைத் தொடங்கினேன். மழை தூறியது. பௌதி இன்ஜினுக்குக் குடை பிடித்தார், நான் நனைந்தேன். பதினொரு மணிக்குள் பத்து நட்டுகள் வந்துவிட்டன. எட்டாவது நகரவில்லை. உளி வைத்து நட்டைப் பிளந்துவிடச் சொன்னார் சாஹா. அந்த ஸ்டட் பருமன் மாறும் இடத்தில் பலவீனமானது, உளி அதிர்ச்சியில் ஒடிந்தால் மரையும் பிளந்துகொண்டு போகும், பிறகு பௌதி ஜெயித்தாலும் கையில் கிடைப்பது பழைய இரும்புதான் என்றேன்.

அதன் பிறகு ஸ்டட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு கழற்றும் பக்கம் போகாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினேன். பிறகு இந்தப் பக்கம், திரும்ப அந்தப் பக்கம், நடுநடுவே எண்ணெய். குழாய் மாட்டவில்லை. இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பன்னிரண்டே கால் மணி இருக்கும், டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஒடியும்போதும் விடும்போதும் முதல் சத்தம் ஒன்றுதான். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் தொடவே பயந்தேன். பிறகு விரலால் திருப்பினேன். நட்டு மட்டும் சுற்றிக்கொண்டு வந்தது, ஸ்டட் அசையாமல் நின்றது.

அதன் பிறகு ஹெட்டைத் தூக்கினோம். மேடம் உறையைப் பிரித்து உரக்க வாசித்தார். பருத்த அடி, கோணல், அராவிய ஓட்டை எல்லாம் எழுதியபடியே இருந்தன. சாஹா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை குனிந்து பார்த்தார். அவர், “இது என்னோடது இல்ல மேடம். என் இன்ஜினோட ஹெட்டை யாரும் கழட்டினதே இல்ல” என்று சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர் வீண்பழி சுமத்த வந்தவர் அல்ல, பொருளைப் பறிகொடுத்தவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

பௌதி குனிந்து அந்தக் கோணல் ஸ்டட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “அப்ப ரேடியேட்டர் நல்லாத்தான் இருந்துச்சா பாஞ்சுதா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“ரெண்டு தடவை மாத்தினேன்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. இவ்வளவு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட அதைவிடத் தேவலை.

அதன் பிறகு மேடம், இந்தச் செய்தி டாக்சி ஸ்டாண்டு வரை போனால் என் பிழைப்பு கெடும், கசிவைப் பற்றிய பகுதி வழக்குக்குத் தேவையில்லை, வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றார். வேண்டாம், எழுதுங்கள் என்றேன். அதை எழுதி முடித்ததும், நீதிமன்றம் வண்டியை விடுவித்தால் ஹெட்டை மறுபடி பூட்ட வேறு மிஸ்திரியை அழைக்கலாமா என்று மேடம் பௌதியைக் கேட்டார். பௌதி சொன்னதை அவர் விருப்பப்படி அப்படியே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

“வேற யாரும் தொட வேணாம் மேடம். கோணலாப் போட்ட ஆளே வந்து நேராப் போடட்டும். நான் பக்கத்துலயே நிப்பேன். இந்தத் தடவை எத்தனை நாள் ஆனாலும் பரவால்ல.”

சம்மதம் என்று சொன்னேன்.

மேலே கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னது சொன்னபடியே உள்ளது. என் தவறும் இதில் சேர்ந்தே உள்ளது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பாஞ்சுகோபால் மண்டல்