விருத்தாம்பாள் முகம் அச்சேறிய நாள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அண்ணல் இளவரசன் அவர்களே! அகவையாலும் அறிவாலும் மூத்த ஆன்றோரே! அந்தி வேலையை அப்படியே விட்டுவிட்டு அரங்கம் நிறைத்த அன்னையரே! செஞ்சிக் கடைவீதியின் செல்வங்களே! வணக்கம்.

பாராட்டு, டைப்பிங் சென்டர் நடத்தும் நம் அப்ஸானாவுக்கு. ஆனால் குற்றவாளி நான்!

மேல்மலையனூர் அமாவாசைக்கு நம் வணிகர் சங்கம் உதவி முகாம் போட்டதல்லவா? மடிக்கணினி அப்ஸானாவுடையது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்னும் இலவச மென்பொருளில் ஓடுவது. பிரிண்டர் அடியேன் வாங்கித் தந்தது. கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்க டிரைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். லினக்ஸுக்கு அதைப் பிரிண்டர் கம்பெனி தரவே இல்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், மலிவாய்க் கிடைத்ததே என்று மகிழ்ந்த மடையன் நான்தான்.

நண்பகலில் தளவானூர்ப் பெரியவர் பாவாடை தள்ளாடி வந்தார். மனைவி விருத்தாம்பாளைக் கூட்டத்தில் காணவில்லை. "அவளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதும்மா. யாராச்சும் ஊரு கேட்டா இன்னா சொல்லுவா?" என்று உடைந்து அழுதார். பத்து நிமிடத்துக்கொரு சிறப்புப் பேருந்து புறப்படுகிறது. எதில் ஏறினாரோ? எங்கே இறங்குவாரோ? அவர்களோடு கோவிலுக்கு வந்திருந்த அடுத்த வீட்டு மகாலட்சுமி காலையில் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை அச்சடித்துப் பேருந்துதோறும் ஒட்ட வேண்டும்.

பிரிண்டரோ கல்லாய்க் கிடந்தது. செஞ்சிக்கு ஆளனுப்பலாம் என்றேன். போய் வருவதற்குள் எத்தனை பஸ் போய்விடும்? அப்ஸானா நிமிரவே இல்லை. "அண்ணே, கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றார். அதே கம்பெனியின் பழைய மாடலுக்கு யாரோ ஒருவர் தாமாகவே எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த டிரைவரைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். முதல் தாள் முழுக்கக் கிறுக்கல்! இரண்டாம் தாள் வெறுமை! மூன்றாம் தாளில்... தட்டுங்கள் தாய்மார்களே, நன்றாகத் தட்டுங்கள், மூன்றாம் தாளில் விருத்தாம்பாள்!

ஐம்பது தாள் அடித்தோம், ஓடி ஓடி ஒட்டினோம். திருவண்ணாமலை பஸ் கண்டக்டர் தன் வண்டிக் கண்ணாடியில் இருந்த படத்தைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார், விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டார்.

அந்த டிரைவர் மென்பொருளை எழுதியவர் யார்? எந்த ஊர்? என்ன சாதி? என்ன மதம்? எவருக்குத் தெரியும்? முகமறியா ஒருவர் கொடுத்ததை முயன்று பொருத்தினார் ஒரு சகோதரி. முடியாது என்று நான் கைவிட்ட இடத்தில் அவர் கைவிடவில்லை, ஐயா!

மனைவியின் கையை இறுகப் பற்றியபடி முகாமுக்குத் திரும்பிய பாவாடை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னொரு தாளு அடிச்சிக் குடும்மா. நாப்பது வருசமா எங்கூட இருக்கிறா, வூட்டுல அவ படம் ஒண்ணுகூட இல்ல."

அந்தத் தாளை அடித்துக் கொடுத்த கைகளுக்குத்தான் இந்தப் பொன்னாடை. பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. கூட வந்தவர் கையைப் பிடித்தபடி நலமாக வீடு சேருங்கள். வணக்கம்!