பாறையில் எண்பது கை

ஹலோ... ஹலோ... ஆமாங்க, ஆத்மநாதன்தான். டிராயிங் மாஸ்டர். திருமயம் தபாலாபீசுலேருந்து பேசுறேன்... ஆமா, ஆமா, பாறையில இருக்குற ஆதிகாலத்துக் கையச்சுகளப் பாத்து மியூசியத்துக்கு வரையச் சொல்லி அனுப்புனீங்களே...

இல்லைங்க. வெள்ளிக்கிழமைக்கு முடியாது. அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன்... கொஞ்சம் கேளுங்க. மொத்தம் இருவது கை. பதினொன்ன அளவு பிசகாம வரைஞ்சிட்டேன். ரெண்டு நாளு வீட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா, பாறையில எண்பது கை இருக்கு.

...எண்பது. எட்டு, சைபர்... காவிதாங்க. பழசுக்குப் பூசுன அதே ஓடைக் கல்லு. ஆசையாக் கேட்டாகளேன்னு அரைக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்.

...ஊரே சேந்துதான். ஆடு மேய்க்கிறவுக அங்கிட்டு அடுப்பு மூட்டுறாகளேன்னு, "இது ஒங்க பாட்டன் பூட்டன் கை, மரியாதையா இருங்க"ன்னு சொல்லித் தொலைச்சேன். பாட்டன் கை வச்ச எடத்துல நாம வைக்கலைன்னா சாமிகுத்தம்னு, பொங்க வச்சுப் படைச்சு, ஆளாளுக்குக் காவியில கைய முக்கி அப்பிட்டாக... அவுகள ஏங்க வையிறீங்க? மரியாதைதான் பண்ணியிருக்காக.

...கழுவவா? வேணாங்க. பழசும் சேந்து போயிரும்... குத்துமதிப்பாவா? அதுக்கு நான் எதுக்கு வெயில்ல கெடந்தேன்? மாட்டேன்... மாட்டேங்க. தப்பா வரைஞ்சா யுத்தக் காலத்துல மாத்துத் தாள் கூடக் கெடையாது.

...வழியும் பண்ணிட்டேன். காலையில ஊரையே கூப்புட்டு, அவுகவுக பதிச்ச கை மேல கைய வச்சுக் காட்டுங்கன்னேன். ஆளில்லாம மிஞ்சுறது பழசுதானே... ஆமா, ஆமா. அறுவது பேரு வச்சாக. கணக்கா இருவது மிஞ்சுச்சு.

...எங்கிட்டு முடிஞ்சுது? கடைசியா உண்ணாமலைன்னு ஒரு பொம்பள வந்தா. புருசன் செத்து மூணு மாசம். பொங்கலுக்கு அவள மட்டும் பாறைப் பக்கமே விடலையாம். நேரா வந்து, மிஞ்சுனதுல ஒண்ணு மேல கைய வச்சு, "இது என்னோடது"ங்குறா.

...பொய்தாங்க. நான் மொத நாளே வரைஞ்ச கை அது. ஆனா நூல் வச்சு அளந்து பாத்துட்டேன். சுண்டுவிரல் வளைவு மொதக்கொண்டு அப்படியே பொருந்துது.

...வெரட்டவா? ...இல்லைங்க, பழசுன்னுதான் குறிப்பேன். அதுல பிசகு வராது. ஆனா நான் இங்க கெளம்பி வர்ற வரைக்கும் அவ கைய எடுக்கல. நீங்களே வந்து, ஒன்னோடது இல்லைன்னு அவகிட்டச் சொல்லுங்க. எனக்கு வாய் வரலை... ஹலோ... இருக்கீங்களா... ஹலோ...